பதிவேட்டில் கிடக்கும் உயரங்கள்: அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ஆண்டுதோறும் உங்கள் பள்ளியில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறீர்கள். அந்த எண்கள் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் ஏறுகின்றன. மருத்துவக் குழு வரும்போது அவர்களுடைய அட்டையிலும் ஏறுகின்றன. பெரும்பாலும் அதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது இந்தப் பிள்ளை எவ்வளவு உயரம், இப்போது மூன்றாம் வகுப்பில் எவ்வளவு, நடுவில் எத்தனை செ.மீ. கூடியிருக்கிறது என்று கழித்துப் பார்ப்பது அரிது. அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வளரும் நாடுகளின் குழந்தைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுதிப்படுகிறது. தொடக்கப்பள்ளி வயதில், ஒரு பிள்ளை இன்று எத்தனை செ.மீ. இருக்கிறது என்ற எண் சொல்வதைவிட, போன ஆண்டைவிட எத்தனை செ.மீ. கூடியிருக்கிறது என்ற எண் அதன் சாப்பாட்டைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் நிறையச் சொல்கிறது. ஒரே பிள்ளையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு எந்த ஆய்வாளருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நம் நாட்டின் பெரிய கணக்கெடுப்புகள் இந்த வயதைத் தொடுவதே இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அளக்கிறது, பிறகு 15 வயதைத் தாண்டியவர்களை அளக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில், ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுவதும் 35.5 விழுக்காடு, பீகாரில் 42.9, தமிழ்நாட்டில் 25 என்று வந்தது. நாளிதழ்கள் இதைத்தான் எழுதின. ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சி இலக்குகளும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் எண்ணுகின்றன. ஐந்து முடிந்து ஆறு தொடங்கியதும் குழந்தை புள்ளிவிவரத்திலிருந்து மறைந்துபோகிறது, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தலைகாட்டுகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு. அது ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் அளந்தது. அவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 23 விழுக்காட்டினர் உடல் மெலிந்தவர்கள், 24 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஒன்பது பத்துப் பேருக்கு இரத்தசோகை என்றால் அது பாடம் நடத்துகிறவரின் பிரச்சினையும்தான்.

ஐந்து வயதுக்குள் 35 விழுக்காடு, ஐந்துக்கு மேல் 22 விழுக்காடு என்ற இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்தால் மனம் நிம்மதியடையும். பள்ளிக்கு வந்ததும் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்று தோன்றும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆய்வுகள், வேறு வேறு பிள்ளைகள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது அளவுகோலுக்குள் இருக்கும் ஒரு சிக்கல். வளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்துவதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஐந்து வயதுப் பையனின் நடு உயரம் 110 செ.மீ., கோடு ஏறக்குறைய 101இல் விழுகிறது. பத்து வயதில் நடு உயரம் 138ஐ ஒட்டி, கோடு 125இல். வயது கூடக் கூட நடு உயரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போகிறது, ஏனென்றால் நலமாக வளரும் பிள்ளைகளுக்கு உள்ளேயே உயர வேறுபாடு வயதோடு கூடும். இப்போது ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் அவன் 100 செ.மீ. நடு உயரத்துக்கு 10 செ.மீ. குறைவு, வளர்ச்சி குன்றியவன் என்று பதிவாகிறான். பத்து வயதில் அவன் 125.5 செ.மீ. கோட்டைத் தாண்டிவிட்டான், பட்டியலிலிருந்து அவன் பெயர் நீங்கிவிடும். ஆனால் நடு உயரத்துக்கு இப்போது அவன் 12.5 செ.மீ. குறைவு. ஐந்து வருடமும் ஆண்டுக்கு அரை செ.மீ. வீதம் பின்தங்கிக்கொண்டே வந்த பையனை நம் புள்ளிவிவரம் தேறியவன் என்று எழுதுகிறது. ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சிலர் பல வளரும் நாடுகளின் தரவுகளை வைத்து இந்த எச்சரிக்கையைத் தொடர்ந்து விடுத்துவருகிறார்கள். கோட்டை மட்டும் பார்த்தால் குறைபாடு தேய்வதுபோல் இருக்கும், செ.மீ. கணக்கைப் பார்த்தால் அது வளர்ந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு கூடிய உயரத்தை எழுதி வைத்திருந்தால் இந்தப் பையன் பின்தங்குவது கண்ணில் பட்டிருக்கும். 110இலிருந்து 138க்குப் போக ஆண்டுக்கு ஐந்தரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வளர வேண்டும். அவன் வளர்ந்தது ஐந்தை ஒட்டித்தான்.

உலகம் முழுவதிலும் பார்த்தாலும் பள்ளி வயது எவ்வளவு தீர்மானகரமானது என்பது தெரிகிறது. 2020இல் லான்செட் இதழில் 200 நாடுகளையும் பகுதிகளையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஐந்து முதல் 19 வயது வரையிலான ஆறரைக் கோடிப் பேரின் உயரமும் எடையும் அதற்கு அடிப்படை. 2019இல் நெதர்லாந்தில் 19 வயது ஆணின் சராசரி உயரம் 183.8 செ.மீ., கிழக்குத் திமோரில் 160.1 செ.மீ. குவாத்தமாலாவிலும் வங்கதேசத்திலும் 19 வயதுப் பெண்ணின் சராசரி உயரம் நெதர்லாந்தின் 11 வயதுச் சிறுமியின் உயரத்துக்குச் சமம். இந்த எண்களைக் கேட்டதும் அதிர்ச்சி வரும், ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஐந்து வயதில் நல்ல உயரத்தோடும் எடையோடும் இருந்த பல நாட்டுப் பிள்ளைகள், பள்ளிப் பருவத்தில் உயரம் போதிய அளவு கூடாமலோ எடை தேவைக்கு மேல் கூடியோ தடம் மாறிப் போயிருக்கிறார்கள். ஐந்து வயது வரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துவிட்டு அதன்பின் விட்டுவிட்டதன் விளைவு இது. மறுபக்கத்தில் சீனா இருக்கிறது. 1985இல் 19 வயது ஆண்களின் உயரத்தில் உலக வரிசையில் 150ஆம் இடம், 2019இல் 65ஆம் இடம். 34 ஆண்டுகளில் சராசரி எட்டு செ.மீ. கூடியிருக்கிறது.

இதைப் படித்ததும் உங்களில் சிலர் சொல்லப்போவதை ஊகிக்க முடிகிறது. நம்மவர்கள் உடல்வாகே அப்படித்தான், அப்பா அம்மா குட்டை, பிள்ளை எப்படி நெட்டையாக வளரும் என்பீர்கள். ஊரில் மட்டும் இப்படிச் சொல்கிறார்கள் என்றில்லை. பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல் இதே வாதத்தை எழுதினார். குழந்தை இறப்பு, ஆயுட்காலம் எல்லாவற்றிலும் செனகலைவிட மேலே நிற்கிற கேரளத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் கூடுதல் என்றால், எல்லா நாட்டுக்கும் ஒரே கோட்டைப் போடுவதில்தான் கோளாறு என்பது அவர் கட்சி. தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது, விடை சொல்லியாக வேண்டும். முதலில், உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை வளர்ச்சித் தரம் ஐரோப்பியக் குழந்தைகளை மட்டும் அளந்து வந்ததில்லை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, நல்ல வீட்டுச் சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். தெற்கு தில்லியின் வசதியான வீட்டுக் குழந்தைகளும் ஆஸ்லோவின் குழந்தைகளும் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வளர்ந்தார்கள். அடுத்து மாயா பிள்ளைகளின் கதை. குவாத்தமாலாவின் மாயா பழங்குடியினர் உலகிலேயே மிகக் குட்டையானவர்களில் சேர்ந்தவர்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர்களில் பலர் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார்கள். பாரி போகின் என்ற மானிடவியலாளர் அங்கே வளர்ந்த ஆறு முதல் 12 வயது வரையிலான மாயா பிள்ளைகளை அளந்து, குவாத்தமாலாவில் இருக்கும் அதே வயது மாயா பிள்ளைகளோடு ஒப்பிட்டார். அமெரிக்காவில் இருந்தவர்கள் சராசரியாகப் பத்து செ.மீ.க்கும் மேல் உயரமாக இருந்தார்கள், அதிலும் பெரும்பகுதி கால்களின் நீளத்தில். அதே மரபணு, ஒரே தலைமுறை இடைவெளி. நாட்டை விட்டு ஓடிவந்த ஏழைக் குடும்பங்கள்தான் அவையும். ஆனால் அங்கே அவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர், மருத்துவமனை, பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு ஆகியவை கிடைத்தன.

மூன்றாவது சான்று நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே இருவரும் இந்தியக் குழந்தைகளை ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு பிறப்பு வரிசைப்படி ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் குழந்தைகளை மட்டும் எடுத்தால் இந்தியக் குழந்தைகள் பின்தங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகத்தான் இந்தியாவில் உயரம் செங்குத்தாகச் சரிகிறது. அதிலும் பெண்ணாகப் பிறந்தவர்கள் மேல் அடி பலமாக விழுகிறது. மரபணு அண்ணனுக்கு ஒன்றும் கடைசித் தங்கைக்கு ஒன்றுமாக இருக்க முடியாது. வீட்டில் ஆண் குழந்தைக்குக் காத்திருந்து மூன்றாவதாகவும் பெண்ணாகப் பிறந்தவள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவள் உயரத்தை மட்டும் ஒருமுறை தனியாக எடுத்துப் பாருங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனி ஒரு பிள்ளையைப் பொறுத்தவரை பெற்றோரின் உயரம் நிச்சயம் பேசும். நன்றாகச் சாப்பிட்டு நலமாக வளரும் சமுதாயத்திலும் நூறு பேரில் இரண்டு மூன்று பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். குட்டையாக இருக்கிறாள் என்பதற்காக ஒருத்தியை ஊட்டமில்லாதவள் என்று முடிவு கட்டக் கூடாது. ஆண்டு வளர்ச்சியைப் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டையான பெற்றோருக்குப் பிறந்த நலமான பிள்ளையும் தன் தடத்திலேயே ஆண்டுக்கு ஐந்து செ.மீ.யை ஒட்டி வளரும். ஆறு வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் ஒரு முழு ஆண்டில் நான்கு செ.மீ.கூடக் கூடவில்லை என்றால் அந்தப் பிள்ளை நெட்டையோ குட்டையோ, மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது, மருத்துவர்களே சொல்வது. கருவில் உருவான நாளிலிருந்து முதல் ஆயிரம் நாட்களில் முடிந்துவிட்ட கதைக்கு ஆறு வயதில் என்ன செய்ய முடியும் என்பது அது. இதற்கு வலுவான ஆதாரமும் குவாத்தமாலாவிலிருந்துதான் வந்தது. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த ‘அடோலே’ என்ற கஞ்சி, மற்ற இரண்டில் இனிப்புப் பானம். கஞ்சி குடித்த குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்கள், ஆனால் பலன் மூன்று வயது வரைக்கும்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு குடித்ததால் உயரம் கூடியதாகத் தெரியவில்லை. முதல் ஆயிரம் நாட்களுக்கு நிகரான காலம் பிறகு வருவதில்லை என்பதை நானும் ஏற்கிறேன். அங்கன்வாடிக்கும் கர்ப்பிணிகளுக்கும் போக வேண்டிய பணத்தில் கைவைத்துப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் அதை எதிர்க்கும் முதல் ஆளாக இருப்பேன். ஆனால் ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லை ஏற்க முடியாது. எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், நம் பக்கத்து ஆந்திரம், தெலங்கானா ஆகிய இடங்களில் 2002 முதல் 12,000 பிள்ளைகளை ‘யங் லைவ்ஸ்’ என்ற ஆய்வு தொடர்ந்து பார்த்துவந்தது. ஒரு வயதில் இருந்த உயரத்தை வைத்து எட்டு வயதில் எவ்வளவு இருப்பார்கள் என்று கணிக்கலாம். அந்தக் கணிப்பைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகள் நான்கு நாடுகளிலும் வாசிப்பிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். அந்தக் கூடுதல் வளர்ச்சி நடந்தது ஆயிரம் நாள் பெரும்பாலும் கடந்த பிறகு.

ஆந்திரத்துப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் தெரியவந்தது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2003இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது மாநிலம் கடும் வறட்சியில் இருந்தது. வறட்சியில் அடிபட்ட குடும்பத்துக் குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் சரிந்திருந்தார்கள். பள்ளியில் சேர்ந்து மதிய உணவு சாப்பிட்டவர்கள் அந்தச் சரிவிலிருந்து பெருமளவு மீண்டார்கள் என்று அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கானாவில் நடந்த பள்ளி உணவுச் சோதனையில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது உயரத்தில் பலன் தெரியவில்லை, ஐந்து முதல் எட்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளைத் தனியே பார்த்தபோது தெரிந்தது. தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகள் அந்த வயதுதான். இவற்றையெல்லாம் விஞ்சும் சான்று 2021இல் வந்தது. சிறுவயதில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட இந்தியப் பெண்கள் வளர்ந்து தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளில் வளர்ச்சி குன்றல் குறைவாக இருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமியின் தட்டில் விழுந்த சோறு இருபது வருடம் கழித்து அவள் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது. ஆயிரம் நாள் என்ற கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அடுத்த தலைமுறையின் ஆயிரம் நாளைத் தயார்செய்கிற இடம் உங்கள் பள்ளிக்கூடம்.

தட்டில் என்ன விழுகிறது என்பதும் சேர்த்தே பேச வேண்டியது. கென்யாவின் எம்பு மாவட்டத்தில் 1998இல் தொடங்கி 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்களுடைய அன்றாட உணவு கிதேரி, மக்காச்சோளமும் பயறும் வேகவைத்தது. சில பள்ளிகளில் அதில் இறைச்சி சேர்த்தார்கள், சிலவற்றில் ஒரு கோப்பை பால் கொடுத்தார்கள், சிலவற்றில் அதே கலோரிக்கு எண்ணெய் மட்டும், சிலவற்றில் எதுவும் இல்லை. சாப்பாடு பெற்ற எல்லாருக்கும் எடை கூடியது. இறைச்சி சாப்பிட்டவர்களுக்குத் தசை கூடியது, சிந்தனைத் திறன் தேர்வில் அவர்கள் முந்தினார்கள். பால் குடித்தவர்களில், ஏற்கெனவே குட்டையாக இருந்த பிள்ளைகளின் உயரம் கூடியது. வயிறு நிறைவதும் எலும்பு வளர்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை என்பது எந்த மாநிலத்தோடு ஒப்பிட்டாலும் பெருமைக்குரியது. வட இந்தியாவில் பல மாநிலங்களில் முட்டை இன்னும் பள்ளித் தட்டை எட்டவில்லை, அதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் எலும்பு வளர்ச்சியைப் பெரியவர்களின் ஆசாரத்துக்குப் பலிகொடுப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன். எதிர்த்திசையில் சிலி நாடு கற்ற பாடமும் இருக்கிறது. அங்கே பற்றாக்குறைக் காலத்தில் வகுத்த கலோரி அளவையே பற்றாக்குறை தீர்ந்த பிறகும் மழலையர் பள்ளிகளில் தொடர்ந்து பரிமாறினார்கள். உயரம் கூடாத பிள்ளைகளுக்கு எடை மட்டும் கூடியது, பிறகு விழித்துக்கொண்டு கலோரியைக் குறைத்தார்கள். நம் நாட்டில் ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் பத்தில் ஒரு பிள்ளைக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருப்பதை முன்சொன்ன தேசிய ஆய்வே காட்டியிருக்கிறது. எடையை மட்டும் பார்த்து மகிழ்வது ஆபத்து. உயரம் எவ்வளவு கூடியது, எடை எவ்வளவு கூடியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் சிலிக்கு நேர்ந்தது நமக்கு நேராமல் காக்க முடியும்.

அளப்பது எப்படி என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் மொத்த வாதமும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆண்டு வளர்ச்சி ஐந்தரை செ.மீ. என்றால் ஒரு செ.மீ. பிழை என்பது இரண்டு மாத வளர்ச்சிக்கும் மேல். சுவரில் ஒட்டிய டேப் தரையிலிருந்து சரியாகத் தொடங்கவில்லை என்றால், எல்லாப் பிள்ளைகளும் அந்த அளவுக்குக் கூடியோ குறைந்தோ போவார்கள். சுவரின் அடியில் சிமெண்டு மேடு இருந்தால் குதிகால் சுவரில் படாது. ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிய சிறுமிக்கு உச்சந்தலையில் முடி எவ்வளவு தூக்குகிறது என்று விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். பார்வை நேராக இல்லாமல் மோவாயைத் தூக்கினாலும் எண் மாறும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் இருக்காது, முதுகெலும்பின் இடைவெளிகள் நாள் முழுக்க அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். ஜூன் மாதம் மாலையிலும் மறு ஜூன் காலையிலும் அளந்தால் வளராத வளர்ச்சி எழுதப்படும். பதிவேட்டில் எண்கள் 110, 115, 120 என்று ஐந்திலும் பூஜ்ஜியத்திலும் வந்து விழுந்துகொண்டிருந்தால், அவை கண்ணால் மதிப்பிட்டவை என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம். தலையில் பலகையை வைத்து, மில்லிமீட்டர் வரை படித்து, இறக்கி மறுபடி ஒருமுறை நிறுத்தி அளந்து, இரண்டும் ஒத்துவந்தால் எழுத வேண்டும். பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் ஆகும்.

அளவு சரியாக இருந்தும் ஒப்பீடு கெட்டுப்போகலாம் என்பதற்கு ஆசிரியர்கள் தொடர்புடைய ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1930இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் 67 பள்ளிகளில் 20,000 பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு நாள்தோறும் பள்ளியில் பால், மீதிப் பேருக்கு இல்லை. யாருக்குப் பால் என்பதைச் சீட்டுக் குலுக்கியும் அகரவரிசையிலும் முடிவுசெய்தார்கள். ஆனால் இரண்டு குழுவும் சமமாக இல்லை என்று தோன்றினால் ஆள் மாற்றிக்கொள்ளும் உரிமையை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். சோதனை தொடங்கும்போதே பால் கிடைக்காத குழுப் பிள்ளைகள் உயரமாகவும் கனமாகவும் இருந்தார்கள். வாடிய முகங்களைப் பார்த்த ஆசிரியர்கள் அவர்களைப் பால் குழுவுக்கு நகர்த்தியிருக்க வேண்டும் என்று ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த புள்ளியியலாளர் வில்லியம் கோசெட் அடுத்த ஆண்டு சுட்டிக்காட்டினார். இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். பிப்ரவரிக் குளிரிலும் ஜூன் வெயிலிலும் பிள்ளைகளை உடுத்தியிருந்த உடையோடே எடைபோட்டிருந்தார்கள். கோடையில் உடை குறையும், அதிலும் வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குறைகிற அளவு ஏழைப் பிள்ளைக்குக் குறையாது. இவ்வளவு செலவழித்தும் பாலின் பலனைத் துல்லியமாகச் சொல்ல முடியாமல் போயிற்று. பசித்த பிள்ளைக்குப் பாலைக் கொடுத்த ஆசிரியர்மேல் எனக்குக் குறையே இல்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சோதனையை வகுத்தவர்கள் அந்த முடிவை அவர் கையில் விட்டிருக்கக் கூடாது.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்து போயிற்று. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதிலிருந்து, காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று நூறாண்டாகப் பள்ளியில் சோறு போடும் மாநிலம் இது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் 1.14 லட்சம் பிள்ளைகளுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. இடையில் இருந்த அந்த ஓராண்டில், காலை உணவு கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பது பதிவேடுகள் சரியாக இருந்திருந்தால் இன்று தெரிந்திருக்கும். முதலில் வந்த பள்ளிகளைச் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை என்பதால் லனார்க்ஷயர் சிக்கல் இதிலும் இருந்திருக்கும், ஆனாலும் ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட அது மேல். வருகை கூடியதைப் பேசினோம், நல்லதுதான். சோறு வருகைக்காக மட்டும் போடப்படுவதில்லையே.

‘இருக்கிற பதிவேடுகளையே எழுதி மாளவில்லை, இதில் இன்னொன்றா?’ என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் ஒருவர் பார்க்கிற நிலையில், இரவு வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் தரவு ஏற்றுகிறவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன் என்பது தெரியும். அதனால்தான் புதிதாக எதையும் அளக்கக் கேட்கவில்லை. ஏற்கெனவே அளப்பதை உருப்படியாக அளக்கவும், போன ஆண்டு எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கழிக்கவுமே கேட்கிறேன். பிள்ளை ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் முப்பது பேருக்கு ஒரு பாடவேளை. நல்ல பலகை ஒன்றும் தரமான எடை மெஷின் ஒன்றும் ஒவ்வொரு பள்ளிக்கும் தர வேண்டியது அரசின் கடமை, அதை உங்கள் கைப்பணத்தில் வாங்கச் சொல்வது அநியாயம். கழிக்கிற வேலையை எமிஸ் தளமே செய்து, வளர்ச்சி தேங்கிய பிள்ளைகளின் பெயரை வட்டார மருத்துவக் குழுவுக்கு அனுப்ப முடியும். கணினியால் ஒரு நொடியில் ஆகிற வேலை அது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு உங்கள் சங்கங்களின் குரல் வேண்டும். இன்னொரு தயக்கமும் நியாயமானது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழும். அளப்பதைத் திரைக்குப் பின்னாலும், எண்ணைச் சொல்வதைத் தாயிடம் மட்டும் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து உங்களை யாரும் மதிப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆசிரியரின் மதிப்பெண்ணாக மாறிய மறுநாளே பிள்ளைகள் காகிதத்தில் மட்டும் வளரத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜூன் மாதம் ஒரு நாள், காலை வழிபாடு முடிந்த கையோடு, செருப்பைக் கழற்றி, ரிப்பனை அவிழ்த்து அளங்கள். அடுத்த ஜூனில் அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆளே அளக்கட்டும். கூடிய உயரத்தையும் கூடிய எடையையும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நான்கு செ.மீ.க்குக் கீழே ஒரு பெயர் வந்தால் அதை அந்த மாதமே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அந்தத் தாயைக் கூப்பிட்டுப் பேசுங்கள், சத்துணவு அமைப்பாளரிடம் அந்தப் பிள்ளை முட்டையைச் சாப்பிடுகிறதா, வீட்டுத் தம்பிக்கு எடுத்துப் போகிறதா என்று விசாரியுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து அந்தப் பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அந்த ஒரு பக்கத்தையும் கொடுத்தனுப்புங்கள். இந்த ஜூனிலேயே தொடங்கலாம், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.